சாட்சியில்லா நோவு

தமக்கு ஒரு நோய் இருக்கிறது என்று வைத்தியர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தவர் எவரேனும் உண்டோ? சென்ற ஐப்பசி மாதத்தில் நான் மகிழ்ந்தேன். கண்டியில் வாத நோய் நிபுணர் ஒருவர் என் கழுத்தையும் தோளையும் முழங்கையையும் இடுப்பையும் முழங்காலின் உட்புறத்தையும் விரல் நுனியால் அழுத்திப் பார்த்தார். என்னை அரைமணி நேரம் பேசவிட்டு இடைமறியாமல் கேட்டார். ஈற்றில், 'பைப்ரோமயால்ஜியா' என்று ஒரு சொல்லைச் சொன்னார். அச்சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தரும்படி வேண்டினேன். அத்துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மாத்தளை ரயிலில் ஏறியவள், வத்தேகமவைக் கடந்து உக்குவளையை அடைவதற்குள் நான்கு முறை அதை எடுத்துப் பார்த்தேன். பரீட்சை முடிவு வந்த அன்று மாணவி ஒருத்தி பட்டியலில் தன் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள் அல்லவா? அதைப் போலத்தான் இருந்தது அதுவும்.

இந்த மகிழ்ச்சி பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். அதன் காரணத்தைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். ஒரு தனி மனுஷியின் நோய்ப் புராணம் பலரும் படிக்கும் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்போருக்கும் விடை இதனுள்ளே உண்டு. கண்ணுக்குப் புலப்படாத நோவை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதை வைத்தியர்களின் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. வீடும் பாடசாலையும் தோட்டமும், நாம் நாள்தோறும் வழங்கும் மொழியும் கூட அதிலே சம்பந்தப்பட்டிருக்கின்றன.

நோவு முதலில் தோள்களில் தொடங்கிற்று. கரும்பலகையில் எழுதுவதால் வந்ததென்று எண்ணினேன். பின்னர் இடுப்புக்கு இறங்கிற்று. நெடுநேரம் நிற்பதால் என்று எண்ணினேன். சில மாதங்களில் அது உடம்பு முழுவதையும் தன் வீடாக்கிக்கொண்டது. ஆறு மணி நேரம் உறங்கி எழுந்தாலும், இரவெல்லாம் மூட்டை சுமந்தவள் போன்ற அசதி. சேலையின் கரை தோளில் உராய்வதும் சுமையாயிற்று. எல்லாவற்றையும் விட என்னைக் கலங்கச் செய்தது வேறொன்று. ஒருநாள் இடாப்பை வாசிக்கும்போது, மூன்று ஆண்டுகளாக என்னிடம் படிக்கும் பிள்ளையொன்றின் முகத்தை நேரே பார்த்தவாறு அதன் பெயரை மறந்து நின்றேன். இருபத்து நான்கு ஆண்டு ஆசிரியத் தொழிலில் அதுகாறும் எனக்கு நேராத அவமானம் அது.

வைத்தியம் பார்க்காமல் இருந்தேன் அல்லேன். இரத்தம் சோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், தைரொயிட் சுரப்பியைப் பார்த்தார்கள், மூட்டுவாதம் உண்டோ என்று தேடினார்கள். இச்சோதனைகள் அவசியமானவை என்பதை இப்போது உணர்கிறேன். இதே குறிகளைக் காட்டும் பிற நோய்கள் இருப்பதால் அவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். ஆயின் ஒவ்வொரு முடிவும் 'குறையொன்றுமில்லை' என்றே வந்தது. முதல் முறை அவ்வாறு வந்தபோது கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். ஐந்தாம் முறை வந்தபோது வெளியே வந்து அழுதேன். உடம்பில் குறையில்லையென்றால் இந்த நோவை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஊராரும் உற்றாரும் தத்தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி அன்போடு சித்தாலேப டப்பாவைத் திறந்து தானே என் தோளில் தேய்த்துவிட்டார். மாமியார் கண்ணூறு கழித்தார். சக ஆசிரியை ஒருவர், "உங்களுக்கு யோசனை கூடிப்போச்சு, டீச்சர்" என்றார். வைத்தியர் ஒருவர், என் முகத்தை நிமிர்ந்து பாராமலே, வயது போகிறது என்றும் மனத்தைத் தளரவிடக் கூடாது என்றும் கூறிச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். இவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். எனினும் இவர்கள் யாவரும் சேர்ந்து எனக்கு உணர்த்திய செய்தி ஒன்றுதான்: நீ சொல்வதற்குச் சாட்சி இல்லை. ஒரு கட்டத்தில் நானே அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன். நான் நடிக்கிறேனோ என்று என்னையே சந்தேகிக்கலானேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்த பழைய பாதையிலே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைப்பயணம் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவார்கள். அது ஊருக்குள் வந்தபோது நானும் தெருவோரத்தில் நின்றேன். காட்டிலும் வெயிலிலும் நடந்து, பசியாலும் காய்ச்சலாலும் வழியிலே விழுந்து மாண்டோர் போக எஞ்சியவர்களின் சந்ததி நான். பாதிப் பயணமாவது நடந்திருக்க வேண்டியவள். அன்று கால்மணி நேரம் நிற்கவும் இயலாமல் கடையொன்றின் படிக்கட்டிலே உட்கார்ந்துவிட்டேன். அருகில் நின்ற ஒருவர், "கிழவிகள் எல்லாம் நடந்து வருகிறார்கள், இந்த அம்மாவுக்கு நிற்க முடியவில்லை" என்று சொன்னது காதில் விழுந்தது. அவரைக் குறை சொல்லேன். என் காலிலே கட்டு இருந்திருந்தால் அவரே எழுந்து எனக்கு இடங்கொடுத்திருப்பார்.

இனி வைத்திய சாஸ்திரம் இதைப்பற்றி என்ன கூறுகின்றது என்று பார்ப்போம். இந்நோய் புதியது அன்று. இதன் பெயரே புதியது. 1904ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் வில்லியம் கவர்ஸ் என்பார் இத்தகைய வலிக்கு 'பைப்ரோசைட்டிஸ்' என்று பெயரிட்டார். நார்களில் அழற்சி உண்டாவதால் வலிக்கின்றது என்பது அவருடைய கருத்து. பின்வந்தோர் தேடிப் பார்த்தும் அழற்சி எதனையும் காணவில்லை. ஆகவே 1976இல் ஹென்ச் என்ற அமெரிக்க வைத்தியர் அழற்சியைக் குறிக்கும் ஈற்றை நீக்கி, வலியைக் குறிக்கும் ஈற்றைச் சேர்த்து, இப்போதைய பெயரை வழங்கினார். நார் என்பதற்கு லத்தீன் சொல் ஒன்று, தசை என்பதற்கும் வலி என்பதற்கும் கிரேக்கச் சொற்கள் இரண்டு. இவை மூன்றும் கூடியதே அந்த நீண்ட பெயர். 'உடம்பின் நார்களும் தசைகளும் வலிக்கின்றன' என்று நான் தமிழில் சொன்னதையே வைத்தியர் லத்தீனிலும் கிரேக்கத்திலும் எனக்குத் திருப்பிச் சொன்னார் என்பதைப் பின்னர் அறிந்து சிரித்துக்கொண்டேன்.

1990ஆம் ஆண்டில் அமெரிக்க வாத நோய் வைத்தியர் கழகம் ஓர் அளவுகோலை வகுத்தது. வலி உடம்பின் பல பாகங்களிலும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்திருத்தல் வேண்டும். குறித்த 18 இடங்களை அழுத்தும்போது 11 இடங்களிலேனும் நோகுதல் வேண்டும். 2010இல் அந்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, வலி பரவியுள்ள பாகங்களோடு அசதி, தெளிவு தராத உறக்கம், மறதி ஆகியவற்றையும் கணக்கிடும் புதிய முறையைக் கொண்டுவந்தார்கள். இந்நோயைக் காட்டித்தரும் இரத்தச் சோதனையோ படமோ இன்றளவும் கிடையாது. நோயாளி சொல்வதைக் கேட்டும் உடம்பைத் தொட்டுப் பார்த்துமே வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேர் வரையில் இதனால் வருந்துவதாகக் கணிக்கிறார்கள். அவர்களுள் பெண்களே அதிகம்.

அவ்வாறாயின் வலி எங்கிருந்து வருகிறது? 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இவ்விஷயத்தில் பெரிய திருப்பம். இந்நோயுள்ளவர் 16 பேரையும் நலமுள்ளவர் 16 பேரையும் அழைத்து, பெருவிரல் நகத்தை அழுத்தி, அவ்வேளையில் மூளை தொழிற்படுவதைக் கருவி கொண்டு படம்பிடித்தார்கள். நோயாளிக்கு இலேசான அழுத்தமே வலித்தது. நலமுள்ளவருக்கு அதே அளவு வலி உண்டாவதற்கு ஏறத்தாழ இருமடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. அவ்வாறு வலித்தபோது இருவர் மூளையிலும் பெரும்பாலும் ஒரே பகுதிகள் கிளர்ந்தன. நோயாளி மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவருடைய மூளை உண்மையாகவே அவ்வளவு வலியை உணர்ந்தது என்பதே இதன் பொருள். தோட்டத்து லயங்களில் காவல்நாய் வளர்ப்பார்கள். நல்ல நாய் கள்வனைக் கண்டு குரைக்கும். பலமுறை மிரண்டு போன நாயோ இலை உதிர்ந்தாலும் இரவெல்லாம் குரைக்கும். இலை உதிர்ந்தது பொய்யன்று, குரைப்பும் பொய்யன்று. அளவு ஒன்றே பிசகிவிட்டது. என் நரம்புகளின் கதி இதுவே.

நாய் ஏன் மிரண்டது என்ற வினாவுக்கு முழு விடை இன்னும் கிட்டவில்லை. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது வருவது உண்டு. விபத்து, கடுங்காய்ச்சல், நீண்ட மனத்துயர் ஆகியவற்றின் பின் தொடங்குவதும் உண்டு. உறக்கத்துக்கு இதிலே பெரும்பங்கு இருக்கிறது. 1975இல் கனடாவில் நலமுள்ள சிலரை உறங்கவிட்டு, ஆழ்ந்த உறக்கத்தை அவர்கள் அடையும்போதெல்லாம் ஒலியெழுப்பிக் குலைத்தார்கள். சில இரவுகளுக்குள் அவர்களுக்கும் உடம்பு வலியும் அசதியும் தோன்றின. அப்படியாயின், விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைக்குப் பால் கொடுத்து, பிரட்டுக்களத்துக்கு ஓடி, இரவிலும் கடைசியாகப் படுக்கும் பெண்கள் எத்தனை பேர் இக்குன்றுகளில் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

அந்த எண்ணந்தான் என்னை என் தாயிடம் கொண்டுபோய் நிறுத்திற்று.

அம்மா இரத்தோட்டை மலைப்பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுத்தாள். நிறை குறைந்த நாட்களில் அவளுக்கு 'அரைப் பேர்' விழும்; அதாவது பாதி நாட்கூலி. அத்தகைய நாட்கள் அவளுக்கு மற்றப் பெண்களைவிட அதிகமாக இருந்தன. இரவில் பாயிலே குப்புறப் படுத்துக்கொண்டு, "கொஞ்சம் ஏறி மிதிச்சு விடு, தாயி" என்பாள். நான் குப்பி விளக்கடியில் படித்துக்கொண்டிருப்பேன். எரிச்சலோடு எழுந்து, அவள் முதுகிலும் கால்களிலும் ஏறி நடந்து, எண்ணி இருபது அடி வைத்துவிட்டு இறங்குவேன். "எந்நாளும் உங்களுக்கு இதே பாட்டுத்தான்" என்று ஒருநாள் சொன்னேன். அப்பா அவளைச் சோம்பேறி என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல் இருந்தால் சீட்டு எழுதுவார்கள். இரத்தம் வந்தால் கட்டுப் போடுவார்கள். இரண்டும் இல்லாதவளுக்குச் சிவப்புத் தண்ணீர் மருந்தும் ஓர் ஏளனச் சிரிப்பும் கிடைக்கும். நாளடைவில் அவள் சொல்வதையே விட்டுவிட்டாள். நோவு தீர்ந்துவிட்டதென்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

அம்மா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவளுக்கு இருந்தது இந்நோய்தான் என்று நான் சாதிக்க மாட்டேன். சோதித்துப் பாராமல் அப்படிச் சொல்வது தவறு. ஆனால் அவள் சொன்னாள், நாங்கள் நம்பவில்லை என்பது மட்டும் உறுதி. கண்டியிலிருந்து வந்த ரயிலில் நான் கடதாசித் துண்டைப் பார்த்தபோது மகிழ்ச்சியோடு கூட வந்த மற்றோர் உணர்ச்சிக்கு இதுதான் காரணம். எனக்குக் கிடைத்த பெயர் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். இலக்கிய அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. தமிழில் நோய் என்ற சொல், நோதல் என்ற வினையின் அடியாகப் பிறந்தது. நோவது எதுவோ அதுவே நோய். நுண்காட்டியில் கிருமி தெரிகிறதா, படத்தில் முறிவு தெரிகிறதா என்று அச்சொல் கேட்கவில்லை. ஆதலினால்தான் வள்ளுவர் காமத்துப்பாலில் பிரிவுத் துயரையும் நோய் என்றே வழங்கினார். உளைச்சல் என்ற சொல்லையும் நோக்குங்கள். கை கால் உளைகிறது என்கிறோம். மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரு சொல்லே போதும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். உடம்பின் நோவுக்கும் உள்ளத்தின் நோவுக்கும் இடையே மதிலெழுப்பி, 'இது உடம்பில் இல்லை, ஆகவே மனத்தில்தான்' என்று தள்ளிவிடும் வழக்கம் நம் மொழிக்கு இயல்பானது அன்று. 1979இல் சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் வலிக்கு இலக்கணம் வகுத்தபோது, அது புலனுணர்ச்சியும் மனவுணர்ச்சியும் கலந்த அனுபவம் என்றே வகுத்தது. 2020இல் அதைத் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அக்கூற்றை மதித்தல் வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. அதிலே நீடித்த வலி தானே ஒரு நோயாக இடம் பெற்றிருக்கிறது. உளைச்சல் என்ற ஒரு சொல்லைப் புழங்கிவந்த நமக்கு இவை ஒன்றும் அந்நியமான கருத்துக்கள் அல்ல.

ஆனால் நடைமுறையில் நாம் எப்படி இருக்கிறோம்? ஆண்டுதோறும் மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருகின்றன. கன்னத்தில் அலகு குத்திக்கொண்டும் முதுகில் செடில் குத்திக்கொண்டும் அடியார்கள் வருவதைப் பார்த்து ஊரே கைகூப்புகிறது. ஒருவர் தாகத்துக்கு நீர் கொடுக்கிறார். ஒருவர் காலைக் கழுவுகிறார். அந்தப் பக்தியை நான் பழிக்கவில்லை. என் தந்தையும் காவடி எடுத்தவரே. ஆயினும் ஒன்று தோன்றுகிறது. கண்ணெதிரே தெரியும் நோவுக்கு இத்தனை மதிப்புக் கொடுக்கத் தெரிந்த ஊருக்கு, தேருக்குப் பின்னே கூட்டத்தில் உளையும் கால்களோடு நடந்துவரும் பெண்ணின் நோவு மட்டும் ஏன் தெரியாமல் போகிறது? வேல் தெரிவதனால் நம்புகிறோம். வேல் தெரியாத இடத்தில் நம்பிக்கை நமக்கு வருவதில்லை.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. முதலாவது: நோகிறது என்று சொல்வோரையெல்லாம் நம்பத் தொடங்கினால் பொய்யர்கள் பெருகிவிட மாட்டார்களா? வேலைக்கு வராமல் இருக்க எல்லாரும் இதையே சொல்வார்களே? ஆசிரியர் என்ற முறையில் இக்கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியும். கணக்குச் சோதனை நாளில் வயிற்று வலி வரும் பிள்ளைகளை நான் அறிவேன். ஆனால் நீடித்த நோவுள்ளவர்களின் பழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. நம்பப்படாத நோயாளி நோவைக் காட்டுவதை விட மறைப்பதிலேயே கைதேர்ந்தவர் ஆகிறார். மூன்று ஆண்டுகளும் நான் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு, படியேறுமுன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே பாடசாலைக்குப் போனேன். பொய்யர் ஒருவரை நம்பிவிட்டால் நமக்கு ஒருநாள் வேலை நட்டம். உண்மை சொல்பவர் ஒருவரை நம்பாவிட்டால் அவர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். பின்னர் அவருக்கு வேறொரு கொடிய நோய் வந்தாலும் சொல்ல மாட்டார்.

இரண்டாவது ஆட்சேபத்தை வைத்தியர்களிலேயே சிலர் கூறுவர். இத்தகைய நோய்க்குப் பெயர் சூட்டுவதே தீங்கு. பெயர் கிடைத்ததும் மனிதர் அந்நோயாகவே மாறிவிடுகிறார் என்பது அவர்கள் கட்சி. இதையும் தள்ளிவிட முடியாது. பெயர் தெரிந்த முதல் மாதத்தில் நான் கைத்தொலைபேசியில் அந்நோயைப் பற்றியே இரவு பகலாகப் படித்தேன். எனக்கில்லாத குறிகளும் எனக்கு இருப்பதாகத் தோன்றின. சமையலறையிலும் அதே பேச்சு. ஒருநாள் என் கணவர் மெல்லச் சொன்னார்: "முந்தி உனக்கு நோவு இருந்தது. இப்போது நோவுக்குள் நீ இருக்கிறாய்." அது சுட்டது, ஆனால் உண்மை. அன்று முதல் அந்தப் பெயரை ஊன்றுகோலாக மட்டும் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தேன். நடக்கும்போது அது வேண்டும். உட்கார்ந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருத்தல் வேண்டாம். எனினும் பெயரே இல்லாதிருந்த காலத்தை விட இது எவ்வளவோ மேல். அக்காலத்தில் அடுத்த சோதனை, அதற்கடுத்த சோதனை என்று பணமும் நாளும் கரைந்தன. புற்றுநோயோ என்று இரவில் விழித்திருந்தேன். இந்நோய் மூட்டுகளை அரிப்பதில்லை, உயிரைக் கொள்வதும் இல்லை என்று தெரிந்ததே பாதி உறக்கத்தைத் திருப்பித் தந்தது.

எஞ்சிய பாதிக்கு உழைக்க வேண்டியிருக்கிறது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இதற்குக் கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம் என்று என்னைப் போன்றோருக்குச் சொல்வேன். உறக்கத்துக்கும் நரம்பின் மிரட்சியைத் தணிப்பதற்கும் வைத்தியர் சிறிய அளவில் மருந்து தருகிறார். சாதாரண வலி மாத்திரைகள் இதற்கு அதிகம் பயன்படுவதில்லை. 2016இல் ஐரோப்பிய வாத நோய் வைத்தியர்கள் கிடைத்த ஆராய்ச்சிகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்து, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றைத்தான். அது உடற்பயிற்சி. வலிக்கும் உடம்பை அசைக்கச் சொல்வது கொடுமையாகப் பட்டது எனக்கு. முதல் வாரம் ஐந்து நிமிடம் நடந்தேன். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினேன். இப்போது அலுவிகாரைப் பக்கமாகக் காலையில் இருபது நிமிடம் நடக்கிறேன்.

நடையைவிடக் கடினமான பாடம் நிறுத்தக் கற்றல். நோவு குறைந்த நாள் ஒன்று வந்தால், கிடப்பில் கிடந்த வேலையெல்லாம் அன்றே முடிக்க வேண்டும் என்ற பேராசை எழும். துணி துவைத்து, விடைத்தாள் திருத்தி, வீட்டைக் கழுவி முடித்தால், அடுத்த மூன்று நாள் பாயோடு பாய். இப்போது நல்ல நாளிலும் பாதியில் எழுந்துவிடுகிறேன். கெட்ட நாளிலும் சிறிது நடக்கிறேன். வகுப்பில் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்து படிப்பித்தால் மாணவர் மதியார் என்று இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன். அவர்கள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஒரு சின்ன அப்பியாசக் கொப்பியில் நாளும் இரண்டு வரி எழுதுகிறேன்: எத்தனை மணி உறங்கினேன், எங்கே நொந்தது, அதற்கு முதல்நாள் என்ன செய்தேன். வாயில் மட்டும் இருந்த போதனை காலத்தால் அழிந்துவிடும் என்றஞ்சி, கி.மு. முதலாம் நூற்றாண்டில் பிக்குகள் அதை ஏட்டில் எழுதிவைத்த இடம் என்று அலுவிகாரையைச் சொல்வார்கள். அந்தக் குன்றின் அடியில் நடக்கும்போது என் கொப்பியை நினைத்துக்கொள்வேன். நோவுக்குச் சாட்சி இல்லையென்று சொன்னார்களே. என் கொப்பி ஒரு சிறு சாட்சி. வைத்தியரும் இப்போது அதை வாங்கிப் படித்துவிட்டே பேசத் தொடங்குகிறார்.

இப்பக்கங்களை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்நோய் பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிப் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்கும் வருவதுண்டு. காலைக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை, உடம்பெல்லாம் உளைகிறது என்று ஒரு பிள்ளை அடிக்கடி சொன்னால், அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிடாதீர்கள். எல்லார் முன்னிலையிலும் நடிப்பு என்று சொல்லாதீர்கள். உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் எப்போது உறங்குகிறாள், என்ன வேலை செய்கிறாள் என்று கேளுங்கள். வைத்தியரிடம் காட்டும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள். அதில் நமக்குச் செலவாவது ஐந்து நிமிடம். எழுத்தாளர்களுக்கும் ஒரு சொல். மாத்தளை என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கிய எழுத்தாளர் பலரை ஈன்ற மண் இது. அட்டையும் குளிரும் பசியும் பெருந்தோட்ட இலக்கியத்தில் இடம் பெற்றுவிட்டன. காயமில்லாமல் நோகும் உடம்புக்கும் அங்கே இடம் வேண்டும். நோயாளி தன் நோவைச் சொல்லத் திணறும்போது, அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களே.

என் மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன், ஓரிரவு நான் பாயில் குப்புறப் படுத்திருந்தேன். அவள் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாதென்றே பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து என்னருகில் உட்கார்ந்தாள்.

"இன்றைக்கு எங்கே நோகிறது, அம்மா?" என்றாள். மெய்யாகவே நோகிறதா என்று அவள் கேட்கவில்லை. நான் தோளைக் காட்டினேன். நோவு அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அன்றிரவு உறங்கினேன்.

என் தாயிடம் நான் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது.